தகட்டில் இரண்டு பெயர்

ஏப்ரல் 6, சனி

தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து அடுப்பருகே வைத்தார்.

"எழுத்துப் பிழை இருக்கோ எண்டு பாரும்."

ஆங்கிலத்தில் மூன்று வரி. கட்டியவர்கள்: சத்தியசீலன், புனிதவதி. அதன் கீழே விமானத்தின் மாதிரி. அதன் கீழே தொடர் இலக்கம் 001.

ஏழு வருடமாக எங்கள் கராஜுக்குள் கட்டிய விமானம் போன கிழமைதான் வீட்டை விட்டுப் போனது. இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். உடலை ஒரு நாளும் இரண்டு பக்கச் செட்டைகளை மறுநாளும் இழுவை வண்டியில் ஏற்றி, ரொறொன்ரோவுக்கு வடக்கே முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு பறப்புத் திடலுக்குக் கொண்டுபோய், கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினோம். மே 14 பரிசோதகர் கிரகாம் வருகிறார். அதற்கு முன்னர் வால் பக்கத்தில் ஓர் அடையாளத் தகடு பொருத்தியிருக்க வேண்டும். யார் கட்டியது, என்ன மாதிரி, எத்தனையாவது என்று அதில் இருக்க வேண்டும்.

"001 எண்டால் 002-உம் வருமோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்கே ஏழு வருசம். 002 அடுத்த பிறவியிலை."

சிரித்தார். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய மனிதர் இங்கே வந்து விமானம் கட்டுகிறார் என்று என் தங்கை எப்போதும் கேலி செய்வாள். அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார். நான் அதைச் சொல்லாமல், "என்ரை பேர் என்னத்துக்கு? உங்கடை பேர் மட்டும் காணும்" என்றேன்.

"பாதி ரிவெட் ஆணி உம்மடை கையாலை அடிச்சது. உம்மடை பேர் இல்லாமல் எப்பிடி?"

"நீங்கள் அடிக்கேக்கை நான் பின்னாலை இரும்பை முட்டுக்குடுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், அவ்வளவுதான்."

கூச்சம் என்று நினைத்துவிட்டார். தோசை கருகிவிட்டது.

பின்னேரம் உடுப்புத் தோய்த்தேன். அவருடைய பஸ் டிப்போ சட்டைகளில் இருக்கும் பிரேக் தூசி இரண்டு முறை தோய்த்தாலும் போவதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

வேலையில் இன்று ஆறு பல் முடித்தேன். ஒன்றின் விளிம்பில் மயிரளவு இடைவெளி இருந்தது. பக்கத்து மேசை மரியா, "விடு, வாயில் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது" என்றாள். உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். இந்தக் கூடத்தில் செயற்கைப் பல் செய்யத் தொடங்கிப் பதினெட்டு வருடம். என் கையால் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஏப்ரல் 13, சனி

வருடப் பிறப்பு. காலையில் கோயில், மத்தியானம் மரக்கறிச் சமையல், இடையில் தகடு.

நல்ல நாளில் ஓடர் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. விளையாட்டுப் போட்டிகளுக்குக் கேடயமும் கிண்ணமும் செய்து விற்கும் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வயதான போர்த்துக்கேயர் ஒருவர். சுவர் முழுக்கப் பந்து உதைக்கும் பொன் நிறப் பொம்மைகள். பட்டு வேட்டியில் வந்த மனிதர் விமானத் தகடு கேட்டதும் அந்தக் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேணும்" என்று இவர் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன். "ஏனப்பா, விமானம் முழுக்க அலுமினியம்தானே. தகடு மட்டும் ஏன் ஸ்டீல்?"

"அலுமினியம் உருகிப் போம். இது நெருப்பிலை போகாது. விழுந்து எரிஞ்சு ஒண்டும் மிஞ்சாட்டிலும் தகடு கிடக்கும். ஆர் கட்டினது எண்டு அவங்கள் பாக்க வேணுமெல்லோ."

நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

நான் கிழவரிடம் ஆங்கிலத்தில், "இவருடைய பெயர் மட்டும் போதும்" என்றேன். கிழவர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

"என்ன பிரச்சினை உமக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டி விடும்." கிழவரிடம் திரும்பி, "இரண்டு பெயரும்" என்றார்.

வரும் வழியில் காருக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலிலும் இல்லை. நான் சமைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது, "ரசம் இருக்கோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஏப்ரல் 15, திங்கள்

கதைக்கிறார். எல்லாம் சரி.

ஏப்ரல் 20, சனி

கொட்டகைக்குப் போனோம். அவர் இயந்திரத்தின் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் ஈரத்துணியால் விமானத்தைத் துடைத்தேன். வலது செட்டை உடலோடு சேரும் இடத்துக்குக் கீழே கைபோகும் அளவில் ஒரு வட்டத் துளை உண்டு. மூடியைக் கழற்றி, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் கைவிளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். நான் பார்க்க நினைத்த இடம் அதிலிருந்து தெரியாது. கண்ணாடியில் பச்சைப் பூச்சு மட்டும் தெரிந்தது.

"என்ன தேடுறீர்?"

"தூசி கிடக்கு."

"உதுக்குள்ளை ஆர் தூசி பாக்கப் போகினம்? மூடிவிடும்."

மேசையில் அவருடைய கட்டுமானப் பதிவேடு கிடந்தது. மூன்று தடித்த கோப்புகள். எந்த நாளில் யார் எதைச் செய்தார்கள் என்று படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். பரிசோதகர் அதைத்தான் முதலில் கேட்பாராம். இவர் முகம் கழுவப் போன நேரம் இரண்டாவது கோப்பைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்திய ஒக்டோபர். அந்தச் சனிக்கிழமை. அவருடைய சாய்ந்த கையெழுத்து:

"நான் மொன்றியலில், பெரியப்பாவின் செத்தவீடு. வலது செட்டை, அடிப்பக்கத் துளைகள் முழுவதும் புனிதம் தனியாக முடித்தது. வந்து பார்த்தேன். என்னிலும் திறம்."

கோப்பை மூடிவிட்டுத் துடைக்கப் போனேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒட்டாவாவிலிருந்து நிலானி தொலைபேசி எடுத்தாள். மகள் அங்கே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர்.

"அம்மா, பறந்தால் நான்தான் முதல் ஆளா ஏறுவன். அப்பாட்டைச் சொல்லிப் போட்டன்."

"முதல் இருபத்தைஞ்சு மணித்தியாலம் அவர் தனியத்தான் பறக்க வேணும். அதுக்குப் பிறகுதான் ஆக்களை ஏத்தலாமாம்."

"சரி, இருபத்தாறாவது மணித்தியாலம் நான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப வீட்டில ஓகேயா?"

"ஏன், என்ன?"

"அண்டைக்கு நீங்கள் நட்டுத் திருகிற சாவியைச் செட்டையில போட்டு நெளிச்சதுக்கு மூண்டு கிழமை கதைக்காம இருந்தாரே. சாப்பாட்டு மேசையில, 'அம்மாட்டைச் சொல்லு, உப்புக் காணாது' எண்டு என்னட்டைச் சொல்லுவார். நீங்கள் பக்கத்துக் கதிரையில இருக்கிறீங்கள், அம்மா. நானும் போய் உங்களிட்டைச் சொன்னன். எனக்கு இப்பவும் அது நினைச்சால் ஒரு மாதிரி இருக்கு."

"அது பழைய கதை. அப்பா நல்ல மனுசன்."

"நல்ல மனுசன் எண்டு எனக்கும் தெரியும்."

பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள். மூன்று கிழமை இல்லை. பத்தொன்பது நாள். இரண்டு வருடத்துக்கு முந்திய ஓகஸ்ட்.

ஏப்ரல் 27, சனி

தகடு வந்துவிட்டது. உள்ளங்கை அளவு. எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டு, விரலால் தடவினால் என் பெயரைப் படிக்கலாம்.

அவர் குழந்தையைப் போல இருந்தார். கொட்டகைக்குக் கொண்டுபோய், வால் பக்கத்தில் வைத்து, மட்டம் பார்த்து, நாடா ஒட்டி, நான்கு மூலைக்கும் அடையாளம் போட்டார். பிறகு டிரில்லை என் பக்கம் நீட்டினார்.

"நீர் அடியும். நாலு துளை, நாலு ரிவெட். கடைசி ரிவெட் உம்மடை கையாலை."

வாங்கினேன். முனையை அடையாளத்தில் வைத்தேன். விசையை அழுத்த விரல் வரவில்லை. 

"தலை சுத்துது" என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முதுகைத் தடவிவிட்டார். "அவசரம் இல்லை. அடுத்த சனி பாப்பம்." வீட்டுக்கு வந்ததும் தானே இஞ்சித் தேத்தண்ணி போட்டார். இவ்வளவு நல்லவராக அவர் இன்று இருந்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுத வேண்டும்.

அந்த ஒக்டோபர் சனிக்கிழமை அவர் விடிய மொன்றியலுக்குப் போய்விட்டார். நான் கராஜில் தனியாக நின்றேன். செட்டையின் முதுகெலும்பு போல ஒரு நீளச் சட்டம் ஓடும். ஸ்பார் என்பார்கள். விமானத்தின் பாரம் முழுவதையும் காற்றில் தாங்குவது அதுதான். அதன் விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளை ஓரளவு பெரிதாக்க வேண்டும். தொண்ணூற்றாறு துளை. தொண்ணூறு வரை நன்றாகத்தான் வந்தது.

தொண்ணூற்றொன்றில் டிரில் வழுக்கியது. ஏன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். வானொலியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, கால் விறைத்திருந்தது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். பழைய துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை விழுந்து, இரண்டும் சேர்ந்து எட்டு என்ற இலக்கம் போல ஆனது. புதியது விளிம்பை ஒட்டிவிட்டது. துளைக்கும் விளிம்புக்கும் இடையில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். நான் விட்டது அதில் பாதி கூட இல்லை.

பரிசோதகர் அந்தக் கோடையிலேயே செட்டையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இனி அதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

சாவி விழுந்து செட்டை நெளிந்த கதை முடிந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு பல்லுக்கு மெருகு போடும் சின்ன அரத்தை எடுத்து, அந்த இடத்தை மழுக்கி, பச்சைப் பூச்சுப் பூசினேன். என் கை நல்ல கை. பூச்சு காய்ந்ததும் எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அவர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். "திறம்" என்றார். அடுத்த கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து தகட்டுத் தோலால் செட்டையை மூடினோம். அந்த இடத்தில் ரிவெட் அடிக்கும்போது நான்தான் பின்னால் இரும்பைப் பிடித்திருந்தேன். ரிவெட் சரிந்து உட்கார்ந்தது. "சரியோ?" என்று கேட்டார். "சரி" என்றேன்.

அப்போது, அவர் இதை முடிக்கவேமாட்டார் என்று நினைத்தேன். எத்தனை பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

மே 4, சனி

சொல்லிவிட்டேன்.

அவர் தகட்டை நாடாவால் ஒட்டிவிட்டு, "இண்டைக்குத் தலை சுத்தாதுதானே?" என்று சிரித்துக்கொண்டே டிரில்லை எடுத்தார்.

"இதை அடிக்காதேங்கோ" என்றேன். "வலது செட்டையிலை பிழை கிடக்கு."

"என்ன பிழை?"

சொன்னேன். எழுதி வைத்ததால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. அவர் டிரில்லை மேசையில் வைத்தார். செட்டையைப் பார்த்தார், அதற்குள்ளே ஊடுருவித் தெரிவதைப் போல.

"ரெண்டு வருசமோ?"

"ஓம்."

"போன மாதம் நான் இயந்திரத்தைப் போட்டு ஓடுபாதையிலை உருட்டிப் பாத்தனான். நீ பாத்துக்கொண்டு நிண்டனீ."

எங்களுக்குள் அவர் 'நீர்' என்றுதான் சொல்வார். 'நீ' என்று சொன்னது கலியாணம் கட்டிய இந்த முப்பது வருடத்தில் இன்றுதான்.

"உருட்டினால் ஒண்டும் நடவாது எண்டு—"

அவர் கேட்கவில்லை. கொட்டகையைப் பூட்டினார். காரில் ஏறினார். நான் ஏறும்வரை நின்றார். அவ்வளவுதான். வீடு வரும்வரை முக்கால் மணி நேரம்.

மே 5, ஞாயிறு

கதைக்கவில்லை.

மே 6, திங்கள்

கதைக்கவில்லை. கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக் கொண்டுபோகவில்லை.

மே 7, செவ்வாய்

மத்தியான இடைவேளையில் பரிசோதகருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். முதலில் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். 14ஆம் திகதி வேண்டாம், ஸ்பாரில் ஒரு துளை பிழைத்திருக்கிறது, அதைச் செய்தது நான், மூடியதும் நான். சொல்லி முடித்தேன். பிறகு கிரகாம் சொன்னார். "அம்மா, பிழைத்த துளை இல்லாத விமானத்தை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தவர்கள் குறைவு. திறந்து படம் எடுத்து, பாகங்களைப் பெட்டியில் அனுப்பிய கம்பனிக்கு அனுப்புங்கள். அவர்களின் பொறியியலாளர் சொல்கிறபடி செய்யுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள்."

வீட்டில் கதைக்கவில்லை. இவரிடம் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை என்று எழுதப் போனேன். அது சரியில்லை. சொல்ல மனம் வரவில்லை.

மே 9, வியாழன்

வேலைக்கு லீவு போட்டேன். கொட்டகைப் பூட்டின் திறப்பு மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வெளியே மழைத் தூறல். வலது செட்டையின் அடிப்பக்கம் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு ரிவெட்டாகத் தலையைத் துளைத்துக் கழற்றினேன். அடிக்கும்போது இரண்டு பேர் வேண்டும். கழற்ற ஒருவர் காணும். முப்பத்தெட்டுக் கழற்றியதும் தோலைக் கொஞ்சம் வளைத்துப் பிடிக்க முடிந்தது.

இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னதாகவும், நினைத்ததைவிட மோசமாகவும். துளையிலிருந்து விளிம்பு வரை மயிர் போல ஒரு கோடு. அது வெடிப்பா, பூச்சின் கோடா என்று தெரியவில்லை.

கார்ச் சத்தம் கேட்டது. ஆணியில் திறப்பு இல்லாததைக் கண்டிருக்கிறார். டிப்போச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். பக்கத்தில் வந்து நிலத்தில் படுத்து, கைவிளக்கை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பூச்சை நகத்தால் சுரண்டினார். கோடு பூச்சோடு போகவில்லை.

"வெடிப்புத்தான்" என்றார்.

ஐந்து நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சொல்.

இருவரும் செட்டைக்குக் கீழே படுத்தபடியே இருந்தோம். அவர் மேலே பார்த்தபடி கேட்டார். "நான் கத்துவன் எண்டு பயந்துதானே சொல்லேல்லை?"

"நீங்கள் கத்தினதே இல்லை" என்றேன். "கத்துற ஆளெண்டால் அண்டைக்கே சொல்லியிருப்பன். ஒரு நாள் கத்துவியள், முடிஞ்சு போம். நீங்கள் கதைக்கமாட்டியள். பத்தொன்பது நாளப்பா. நான் எண்ணினனான். அடுத்த தரம் எத்தினை நாளோ எண்டு யோசிச்சன். அதுக்கு முன்னாலை உங்கடை உயிர் பெரிசில்லை எண்டு எனக்குப் பட்டிருக்கு. அதை நினைக்க எனக்கே அருவருப்பாக் கிடக்கு."

கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இதுவும் அந்த மௌனம்தான் என்று நினைத்து எழும்பப் போனேன்.

"இரும்" என்றார். "எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அதுதான். வேறை ஒண்டுமில்லை. இரும்."

இருந்தேன்.

மே 17, வெள்ளி

கம்பனியிலிருந்து பதில் வந்தது. இப்படியே பறக்கக் கூடாது. வெடித்த பகுதியை வெட்டி எடுத்து, மேலே ஒரு தகட்டுப் பட்டி வைத்து, பதினான்கு புது ரிவெட். வரைபடம் அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் இரண்டு தடவை கோபத்தில் வாயை மூடிக்கொண்டார். ஒரு முறை அரை நாள், மறுமுறை இரண்டு மணி நேரம். இரண்டு முறையும் தானே வந்து, "கோபமாத்தான் இருக்கிறன்" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஜூன் 8, சனி

பட்டியை வைத்தாயிற்று. பதிவேட்டில் அவர் எழுதப் பேனாவை எடுத்தார். நான் வாங்கி நானே எழுதினேன். பிழைத்த நாள், மறைத்த நாள், சொன்ன நாள், திருத்திய நாள். பழைய பக்கத்தில் அவர் எழுதிய "என்னிலும் திறம்" என்பதை வெட்டட்டுமா என்று கேட்டேன். பதிவேட்டில் எதையும் வெட்டக் கூடாதாம், சட்டம்.

நிலானி எடுத்தபோது முழுவதையும் சொன்னேன். "அப்பாவோட கதைக்கப் போறன், போனைக் குடுங்கோ" என்றாள். அவர் வெளியே போய்த்தான் கதைத்தார். உள்ளே வரும்போது கண் சிவந்திருந்தது. என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை.

ஜூன் 29, சனி

புதன்கிழமை கிரகாம் வருகிறார். இன்று தகடு.

துளைகளை நான்தான் போட்டேன். நான்கும் நேராக வந்தன. உடலின் உள்ளே அவர் தவழ்ந்து போய் இரும்பைப் பிடித்தார். மூன்று ரிவெட் அடித்து முடித்ததும் உள்ளிருந்து அவருடைய குரல் கேட்டது.

"புனிதம், உம்மட்டை ஒண்டு கேக்க வேணும். வேறை ஏதும் இருக்கோ? நீர் சொல்லாதது?"

நான் கொஞ்சம் யோசித்தேன்.

"விமானத்திலை இல்லை" என்றேன்.

உள்ளே இரும்பைக் கீழே வைக்கும் ஒலி. முழங்கைகளால் ஊன்றிப் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் அலுமினியத் தூள். மடக்குக் கதிரைகள் இரண்டையும் விரித்து எதிரெதிரே போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்தார்.

"நாலாவதைப் பிறகு அடிப்பம்" என்றார். "மற்றதைச் சொல்லும்."

நிலானி வீட்டை விட்டுப் போன பிறகு, அவர் கதைக்காத நாட்களில் அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதிலிருந்து தொடங்கினேன். இருபது நிமிடம் போயிருக்கும், நேரத்தைப் பார்க்கவில்லை. இடையில் ஒருமுறை அவர் எழுந்தார். போகப் போகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"சொல்லும்" என்றார்.